போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் வக்கீல் தொழில் செய்பவனிடம் நிலத் தகராறுக்கு அடுத்தபடியாக ஜனங்கள் கேட்பது போலீஸ் சமாச்சாரம்தான். எங்கேயாவது ஒரு என்கவுன்ட்டர் செய்தி வந்துவிட்டால் டீக்கடையிலும் அரூர் பஸ்ஸிலும் அதே சந்தேகங்கள் திரும்பவும் கிளம்பும். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன. பிரிவு எண்கள் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டங்களுடையவை. அதற்கு முந்தைய வழக்குக் காகிதங்களில் பழைய எண்கள் இருக்கும்.

என்கவுன்ட்டர்னு சட்டத்துல ஒரு பிரிவு இருக்குதா சார்?

கிடையாது. உயிருக்கு ஆபத்து வந்தால் எதிராளியைக் கொல்லும் அளவுக்குப் போகலாம் என்ற தற்காப்பு உரிமை (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 38) உங்களுக்கும் எனக்கும் இருப்பதுதான். போலீஸுக்கும் அதே உரிமை, அதே எல்லை.

கூடுதலாக அவர்களுக்கு இருப்பது கைது செய்யும் அதிகாரம். தடுப்பவரிடமும் தப்பி ஓடுபவரிடமும் தேவையான பலத்தைக் காட்டலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு இல்லாதவரின் உயிரை எடுக்க அந்த அதிகாரம் இடம் தராது (குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 43). இதைத் தலைகீழாகப் படித்து, "கொலைக் கேஸ் ஆளென்றால் சுடலாம்" என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. அப்படி ஒரு வரி சட்டத்தில் இல்லை.

"தற்காப்புக்காகச் சுட்டோம்"னு போலீஸே சொல்லிட்டாங்க. அதுக்கு மேல கேட்க என்ன இருக்கு?

தற்காப்பு என்பது சட்டம் தரும் விதிவிலக்கு. விதிவிலக்கைக் கோருகிறவர்தான் அதைக் காட்ட வேண்டும் (சாட்சிய சட்டம், பிரிவு 108). பிரஸ் மீட்டில் மைக் முன்னால் சொன்னது சாட்சியம் ஆகாது.

கேட்க வேண்டியவை எளிமையானவை. ஆபத்து எவ்வளவு பெரியது? சுட்ட நொடியில் அந்த ஆபத்து இருந்ததா, அதற்கு முன்பே தீர்ந்துவிட்டதா? அருவாளோடு வந்தவரை முதல் குண்டில் வீழ்த்திவிட்டு, கீழே கிடந்தவர்மேல் மூன்றாவது குண்டைச் செலுத்தினால் அந்த மூன்றாவது குண்டுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

செத்தவர் மேலேயே கொலை முயற்சின்னு எஃப்.ஐ.ஆர். போடறாங்களே, இது எந்த ஊர் நியாயம்?

போடலாம், தவறில்லை. அதோடு நிறுத்திக்கொண்டால்தான் கோளாறு. அந்த எஃப்.ஐ.ஆரில் புகார் கொடுப்பவர் பெரும்பாலும் சுட்ட குழுவைச் சேர்ந்தவராகவே இருப்பார். ஆள் இறந்துவிட்டதால் "வழக்கு முடிவுக்கு வந்தது" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடவும் வழி இருக்கிறது. எனவே அவர் எப்படி இறந்தார் என்பதைத் தனியாக விசாரித்தார்களா என்று பாருங்கள். யார் விசாரித்தார் என்பது இன்னும் முக்கியம். அது அடுத்த பதிலில் வருகிறது.

சுப்ரீம் கோர்ட் ஏதோ ரூல் போட்டிருக்குன்னு சொல்றாங்களே, அது என்ன?

2014 செப்டம்பர் 23 அன்று, மகாராஷ்டிர அரசுக்கு எதிராக பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. நாடு முழுக்கப் பொருந்தும். பதினாறையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குடும்பத்தார் நேரடியாகச் சரிபார்க்கக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

எஃப்.ஐ.ஆர். பதிவாகித் தாமதமின்றி நீதிமன்றம் போயிருக்க வேண்டும். விசாரணையை சி.ஐ.டி. அல்லது வேறொரு காவல் நிலையக் குழு நடத்த வேண்டும். சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலான அதிகாரி அதைக் கண்காணிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையின் இரண்டு மருத்துவர்கள் செய்து, முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். சுட்டவர்கள் துப்பாக்கியைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். உறவினருக்குச் சீக்கிரமே தகவல் சொல்ல வேண்டும். சம்பவம் நடந்த கையோடு சுட்டவர்களுக்குப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக்கூடாது.

இவை நடக்கவில்லை என்று குடும்பத்தார் கருதினால் அந்தப் பகுதியின் செஷன்ஸ் நீதிபதியிடம் புகார் செய்யலாம். இந்தக் கடைசி வரி பலருக்கும் தெரியவே தெரியாது. தருமபுரி மாவட்டம் என்றால் தருமபுரியிலும், கிருஷ்ணகிரி மாவட்டம் என்றால் கிருஷ்ணகிரியிலும் அந்த நீதிமன்றம் இருக்கிறது. இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம்.

ரவுடியைத்தானே சுட்டாங்க? நமக்கென்ன?

சுடுவதற்கு முன் அவர் ரவுடி என்று முடிவு கட்டியது யார் என்பதே கேள்வி. 1997-இல் தில்லி கன்னாட் பிளேஸில் ஒரு காரை நிறுத்திப் போலீஸார் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். தேடப்பட்ட ஆள் வேறு, இறந்தவர்கள் வியாபாரிகள். தற்காப்பு என்றுதான் அப்போதும் சொன்னார்கள். காவலர்களுக்கு விதித்த தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

எல்லா அறிக்கையும் ஒரே மாதிரி இருக்கே சார். விடியக்காலை, ஆயுதத்தை எடுத்துக் காட்டக் கூட்டிட்டுப் போனோம், தாக்கினான், சுட்டோம். இதுவே பொய்க்கு ஆதாரம் இல்லீங்களா?

சந்தேகப்படக் காரணம் ஆகும், ஆதாரம் ஆகாது. போலீஸ் எழுத்துக்கு ஓர் அச்சு உண்டு. சாதாரணத் திருட்டு வழக்கில்கூட "ரகசியத் தகவல் கிடைத்து" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நடையைப் பார்த்து முடிவு கட்டாமல், உள்ளே இருக்கும் விவரங்களைச் சோதிக்க வேண்டும்.

2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, பெண் மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகக் கைதான நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் கிட்டத்தட்ட இதே கதைதான். விடியலில் சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போனோம், துப்பாக்கியைப் பிடுங்கினார்கள் என்றது போலீஸ். அன்று ஊரே பூத்தூவிக் கொண்டாடியது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் ஒவ்வொரு விவரமாக உரசிப் பார்த்து, போலீஸ் சொன்னதை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்தோடு சுட்டிருக்கிறார்கள் என்று அறிக்கை தந்தது.

இன்னொன்றும் உண்டு. ஆயுதம் எடுக்கக் கூட்டிப்போனோம் என்று போலீஸ் எழுதும்போதே, ஆள் அவர்கள் காவலில் இருந்தார் என்று ஒப்புக்கொண்டு ஆகிறது. அப்போது இது காவல் மரணம். கோட்டாட்சியர் விசாரணை போதாது, நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 196).

எங்க சித்தேரி மலை ஆளுங்க ஆந்திராவுல செத்தாங்களே, அதுல என்ன சந்தேகம் வந்துச்சு?

2015 ஏப்ரல் 7. திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாக 20 பேரை ஆந்திரப் போலீஸின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழர்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் அதிகம். நம் தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையைச் சேர்ந்த பழங்குடிகளும் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், வேறு வழியின்றிச் சுட்டோம் என்றது போலீஸ். மேலே சொன்ன 2014 தீர்ப்பு வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

சந்தேகங்கள் பல பக்கம் இருந்து வந்தன. இருட்டில் நூறு பேர் சிதறி ஓடிய மோதலில் 20 பேர் இறந்திருக்கிறார்கள், போலீஸ் தரப்பில் ஒரு சாவுகூட இல்லை. உடல்கள் கிடந்ததோ இரண்டே இடங்களில். உடல்களுக்குப் பக்கத்தில் கிடந்த செம்மரக் கட்டைகளில் பெயின்ட் அடையாளம் இருந்ததாகச் செய்தி வந்தது. அன்று வெட்டிய மரத்துக்கு அடையாளம் எப்படி வரும் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும்விடக் கனமானது, தப்பி வந்தவர்களின் வாக்குமூலம். முந்தின நாளே பஸ்ஸில் இருந்து கூட வந்தவர்களை இறக்கிக்கொண்டு போனார்கள், நான் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் விட்டுவிட்டார்கள் என்று ஒருவர் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார். முந்தின நாள் பஸ்ஸில் பிடிபட்ட ஆள் மறுநாள் விடியலில் காட்டில் கோடரியோடு எப்படித் தாக்குவார்? இந்த ஒரு கேள்வி முன்னால் மற்றதெல்லாம் சின்னது.

குடும்பத்துப் பெண் ஒருவரின் புகாரின்மேல் கொலைப் பிரிவில் வழக்குப் பதிவானது. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் ஆறு உடல்களுக்குத் திருவண்ணாமலையில் மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் சி.பி.ஐ. விசாரணைக்கும், குடும்பத்துக்கு 5 லட்சம் இடைக்கால நிவாரணத்துக்கும் பரிந்துரைத்தது. மரம் வெட்டப் போனது குற்றமா என்று கேட்டால் குற்றம்தான். பிடித்து வழக்குப் போட்டு ஜெயிலில் அடைக்கவே சட்டம் சொல்கிறது.

வீரப்பன் விஷயத்துலயும் சந்தேகம் சொன்னாங்களே?

பாப்பாரப்பட்டி பக்கம் போனால் இன்றைக்கும் இந்தப் பேச்சு வரும். 2004 அக்டோபர் 18 இரவு, பாடி அருகே. கண் சிகிச்சைக்கென்று ஆம்புலன்ஸில் வரவழைத்தோம், சரணடையச் சொன்னோம், உள்ளிருந்து சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது அதிரடிப்படை. வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் இறந்தார்கள். வேறெங்கோ முன்பே பிடித்துக் கொன்றுவிட்டு இங்கே கொண்டுவந்தார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் சில சந்தேகம் எழுப்பின.

என் கருத்தைக் கேட்டால், இந்த மாதிரி இடத்தில் மனிதர்களைவிட வண்டிதான் நல்ல சாட்சி. தகரத்தில் குண்டு நுழைந்த பக்கம் விளிம்பு உள்வாங்கியிருக்கும், வெளியேறிய பக்கம் விளிம்பு வெளியே மடிந்திருக்கும். இருதரப்பும் சுட்டார்கள் என்றால் இரண்டு திசையிலும் ஓட்டை இருக்க வேண்டும். உள்ளே எங்கெங்கே ரத்தம், எத்தனை தோட்டா உறை, அவை யார் துப்பாக்கியுடையவை என்பதெல்லாம் சொல்லிவிடும். அப்போது 2014 நெறிமுறைகள் கிடையாது. நூற்றுக்கு மேற்பட்ட கொலைகளில் தேடப்பட்டவர் என்பதால் கேட்கவும் ஆள் குறைவு. அதே தேடுதல் வேட்டையில் மலைக் கிராமத்து ஜனங்கள் பட்ட பாடு வேறு கதை. அதிரடிப்படையின் அத்துமீறல்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தபின் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் தர 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் உத்தரவிட்டது.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கையில இருக்கு. ஒண்ணும் புரியல. எதைப் பார்க்கணும்?

முதலில் காயங்களை எண்ணுங்கள். குண்டு நுழைந்த காயம் பொதுவாகச் சின்னதாக, ஓரம் சிராய்த்து இருக்கும். வெளியேறிய காயம் பெரிதாகக் கிழிந்திருக்கும். எத்தனை நுழைந்தன, எத்தனை வெளியேறின, உடலுக்குள் எத்தனை கிடைத்தன என்ற கணக்கு பொருந்த வேண்டும். உடலைத் திறக்கும் முன் எக்ஸ்ரே எடுத்தார்களா என்றும் பாருங்கள்.

அடுத்தது தூரம். காயத்தைச் சுற்றித் தோல் கருகல், புகைக்கரி, வெடிமருந்துத் துகள் குத்திய புள்ளிகள் என்று குறிப்பு இருந்தால் மிகக் கிட்டத்தில் இருந்து சுட்டது. "இருபது அடி தூரத்தில் இருந்து சுட்டோம்" என்ற எஃப்.ஐ.ஆரோடு அது ஒத்துப்போகாது. சட்டை போட்டிருந்தால் இந்தத் தடயம் துணியில்தான் இருக்கும். அதனால் உடைகள் எங்கே என்று கட்டாயம் கேளுங்கள். மணிக்கட்டில் கட்டிய தடம், உள்ளங்காலில் அடித்த தடம் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

ஓர் எச்சரிக்கை. முதுகில் குண்டு பட்டதாலேயே பொய் என்றும், மார்பில் பட்டதாலேயே உண்மை என்றும் முடிவு கட்டாதீர்கள். ஆள் ஒரு நொடியில் திரும்பிவிடுவார். கட்டிவைத்தும் மார்பில் சுடலாம். குண்டு மேலிருந்து கீழ்நோக்கிப் போயிருக்கிறதா என்ற பாதைக் குறிப்பு இதைவிட அதிகம் பேசும். அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து, இந்த வழக்கில் சம்பந்தப்படாத தடயவியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

உடலை வாங்கலாமா, வேண்டாமா?

வாங்க மறுத்து ஆஸ்பத்திரி வாசலில் உட்காருவது நம் பக்கத்து வழக்கம். கோரிக்கையை எழுத்தில் கொடுக்காமல் உட்கார்ந்தால், ஒரு நாள் கழித்து ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடுவார்கள். பரிசோதனைக்கு முன் உடலைப் பார்க்க வேண்டும், வீடியோ வேண்டும், அறிக்கை நகல் வேண்டும் என்று மருத்துவமனைக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மறு பரிசோதனை கேட்கும் எண்ணம் இருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு உடனே போக வேண்டும். வாங்கியே ஆகவேண்டிய நிலை வந்தால் எரிக்காதீர்கள், புதையுங்கள். எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான், இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாட்டுத்துப்பாக்கியால சரமாரியா சுட்டான்னு எழுதியிருக்காங்க. நம்பலாமா?

மலையோரக் கிராமத்துக்காரர்கள் இதைப் படித்ததும் சிரித்துவிடுவார்கள். நம் பக்கம் பிடிபடும் நாட்டுத்துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒற்றைக்குழல். குழாய் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, கம்பியால் கெட்டித்து, ஈயக்குண்டைப் போட்டு, திரும்பவும் அடைத்து, அப்புறம் கேப் வைக்க வேண்டும். ஒரு முறை சுட்டால் அடுத்ததற்கு நேரம் பிடிக்கும். எனவே என்ன வகைத் துப்பாக்கி, சுடும் நிலையில் இருந்ததா, சமீபத்தில் சுட்டதா, இறந்தவரின் கைரேகை இருந்ததா என்று தடயவியல் அறிக்கை சொல்ல வேண்டும். துப்பாக்கியைக் கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ. எந்த நேரத்தில் வந்தார் என்றும் கேளுங்கள்.

போலீஸுக்கும் காயம்னு கட்டோட போட்டோ வந்துச்சே?

போட்டோவை விடுங்கள். அரசு மருத்துவமனையில் காயத்தோடு யார் வந்தாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அதைத்தான். எத்தனை மணிக்கு வந்தார், எதனால் காயம் என்று சொன்னார், எவ்வளவு ஆழம் எல்லாம் அதில் இருக்கும். அந்த நேரத்தையும் எஃப்.ஐ.ஆர். நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையிலேயே வெட்டுப்பட்ட காவலரும் உண்டு; அந்தத் தாள் அவருக்குத்தான் முதல் பாதுகாப்பு.

எங்க அண்ணனை முந்தின நாளே வீட்டுல வந்து கூட்டிட்டுப் போனாங்க. எப்படி நிரூபிக்கறது?

முன்பெல்லாம் வக்கீல்கள் உடனே முதலமைச்சருக்கும் எஸ்.பி.க்கும் தந்தி அடிக்கச் சொல்வார்கள். தந்தி அலுவலக முத்திரையில் தேதியும் நேரமும் இருக்கும், பிற்பாடு யாரும் மறுக்க முடியாது. 2013-இல் தந்தி சேவை நின்றுவிட்டது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் 112-க்குச் செய்த அழைப்பும் செய்கின்றன. ஆள் போன அன்றைக்கே, எந்தக் கெட்டதும் நடப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். கூடவே, ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

காவல் நிலையங்களில் சி.சி.டி.வி. கட்டாயம் என்றும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பதிவை அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுங்கள். டோல்கேட், பெட்ரோல் பங்க், நகைக்கடை கேமராக்கள் சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடும். தொப்பூர், கிருஷ்ணகிரி டோல்கேட் வழியாக வண்டி போயிருந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நான் வீடியோ எடுத்தேன். குரூப்ல போட்டுட்டா சாட்சி ஆயிடுமா?

ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பு சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். மூலக்கோப்பும் எடுத்த போனும்தான் சாட்சியம். போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். அதை வக்கீல் தயார் செய்வார்.

கோட்டாட்சியர் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காரு. போனா போலீஸுக்குச் சாதகமா எழுதிக்குவாங்கன்னு பயமா இருக்கு.

போகாமல் இருந்தால்தான் அப்படி எழுதுவார்கள். "உறவினர் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை" என்ற வரி வசதியானது. சொல்ல வேண்டியதை முன்கூட்டியே தமிழில் எழுதி எடுத்துப்போய்க் கொடுங்கள், ஒரு பிரதியில் தேதி முத்திரை வாங்குங்கள். எழுதியதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

கூட்டத்தைக் கலைக்கச் சுடறதும் இதுவும் ஒண்ணா?

சட்டம் வேறு, சோதிக்கும் முறை ஒன்று. அங்கே நிர்வாக நடுவரின் உத்தரவு, எச்சரிக்கை, படிப்படியான பலப்பிரயோகம் எல்லாம் இருந்ததா என்று பார்ப்பார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் இறந்ததை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம், சுடுவதற்கான அவசியமே எழவில்லை என்ற முடிவுக்கு வந்தது.

அரசாங்கம் பணம் குடுத்தா வாங்கிக்கலாமா? வாங்கிட்டா கேஸ் போயிடும்னு சொல்றாங்க.

வாங்கிக்கொள்ளுங்கள். நிவாரணம் சமரசம் ஆகாது. "இனிமேல் எந்தப் புகாரும் இல்லை" என்று சேர்த்து எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதெல்லாம் கேட்டா நம்ம மேல கேஸ் வராதா?

கேள்வி கேட்பதற்கு வராது. ஓர் அதிகாரியின் பெயரைப் போட்டு "கொலைகாரன்" என்று எழுதினால் வரலாம். "எஃப்.ஐ.ஆரில் காலை 5 மணி என்றும் ஏ.ஆர். காப்பியில் 4.20 என்றும் இருக்கிறதே, ஏன்?" என்று எழுதுங்கள். அவதூறு வழக்குப் போட அதில் இடமில்லை, பதில் சொல்வதும் கஷ்டம்.

இத்தனை செஞ்சும் என்ன ஆகப்போகுது? கேஸ் இருபது வருஷம் இழுக்கும்.

இழுக்கும். வாச்சாத்தி நம் அரூர் பக்கம்தானே. அங்கே துப்பாக்கிச் சூடு இல்லை, ஆனால் அதிகாரிகள் சொன்ன கதையை ஊர் ஜனங்கள் எதிர்த்து நின்ற வழக்கு. 1992 ஜூன் 20-இல், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து சூறையாடினார்கள், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றுதான் அரசுத் தரப்பு முதலில் சாதித்தது. பிறகு சி.பி.ஐ. வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மற்ற 215 பேருக்குத் தண்டனை. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம். அந்தப் பெண்கள் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்து அடையாளம் காட்டினார்கள்.

"போலீஸ் சுட்டது சரி"ன்னு ரிப்போர்ட் போட்டு மூடிட்டாங்க. அவ்வளவுதானா?

இல்லை. விசாரணை அதிகாரி மூடச் சொன்னால் நீதிமன்றம் அப்படியே மூடிவிட முடியாது. புகார்தாரருக்கு நோட்டீஸ் அனுப்பி அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அப்போது ஆட்சேப மனு போடலாம். முன்பே ஒரு புகாரை உங்கள் பெயரில் கொடுத்திருந்தால்தான் அந்த நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். அதனால்தான் முதல் நாளே எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்வது.

இன்னொரு வழி மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும், தாண்டினால் எடுக்க மாட்டார்கள். தேசிய ஆணையமோ மாநில ஆணையமோ, ஏதாவது ஒன்றுக்குப் போங்கள். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினாலே போதும், கட்டணம் இல்லை.